திறந்த கதவின் கைதி

"நேத்து கிச்சடியில உப்பு கம்மின்னு சொன்னாரு. அதுதான் அப்பா என்கிட்ட கடைசியா பேசினது," என்றாள் ஃபஹ்மீதா. "அதையும் நடந்துக்கிட்டேதான் சொன்னாரு."

அவள் கையில் மாத்திரை அட்டை இருந்தது. இதய மாத்திரை. விடியுமுன் ஸஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. அவளுடைய அப்பா இத்ரீஸ்மியா சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரமலானின் கடைசிப் பத்து நாளும் பீபி குல்நார் பள்ளிவாசலுக்குள்ளேயே திரை கட்டி இஃதிகாஃப் இருப்பவர். இன்று விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு திரைக்குள் ஆள் இல்லை. இப்போது மாலை அஸர் தொழுகையும் முடிந்துவிட்டது.

பள்ளிவாசலைச் சுற்றிய மொஹல்லாவில் இந்த வருஷம் இஃதிகாஃப் இருந்தது அவர் ஒருவர்தான். ஒருவரும் இருக்காவிட்டால் பாவம் மொஹல்லா முழுவதுக்கும். அதனால் நேற்றுவரை அவருடைய சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள், இன்று ஃபஹ்மீதாவைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தெருமுனைச் சௌக்கி போலீஸ்காரர், "கிழவனுக்கு எங்கயாவது ரெண்டாவது வீடு இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரெண்டாவது வீடா?" என்றார் கனுபாய். "அவரு என் ஆட்டோவில ரெண்டாவது கியர் போட்டாலே இறங்கிடுவாரு. ஒரு தடவை சிவப்பு விளக்குல நான் கொஞ்சம் முன்னால நின்னேன்னு பாதிக் காசை மட்டும் குடுத்துட்டு நடந்து போனாரு, தாஹிராபென்."

கனுபாய்க்குத் தொழில் ஆட்டோ. மீதி நேரத்தில் என் விசாரணைகளுக்கு உதவி. என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் யோசிப்பதற்குள் அவர் பேசிவிடுவார். சில சமயம் அதுவே சரியாகவும் இருந்துவிடும். அது எனக்கு உறுத்தும்.

பள்ளிவாசல் கமிட்டி செயலாளர் முனாஃப்பாய் வாசலுக்கு வந்தார். தோளில் கட்டம் போட்ட துண்டு, காதில் அத்தர் பஞ்சு.

"நான்தான் கடைசியா பார்த்தேன்," என்றார் கேட்பதற்கு முன்பே. "காலையில இதே வாசல்ல. எங்கே மியான்னு கேட்டேன். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்னார். அப்புறம் நின்னு, ஃபஹ்மீதா கல்யாணத்தைப் பத்திப் பேசினார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஈத் முடிஞ்சு வர்றாங்கன்னார். சலாம் சொன்னார், போனார். பாத்ரூம் பக்கம் திரும்பாம கடைத்தெருப் பக்கம் திரும்பினார். பாவம், வயசாச்சு."

"எவ்வளவு நேரம் நின்னு பேசினார்?"

"ஒரு டீ குடிக்கற நேரம்." உடனே திருத்திக்கொண்டார். "நோன்புல சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம்."

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடமானாலும் முதலில் வெளியே ஒரு சுற்று நடந்துவிடுவேன். உள்ளே போனால் ஆட்கள் பேசிப் பேசி என்னைக் குழப்பிவிடுவார்கள். சுவர் பேசாது.

பள்ளிவாசலுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல். சுல்தான்கள் காலம். முகப்பின் இரு முனையிலும் ஒவ்வொரு மினார். இரண்டின் மேல் பாதியும் எப்போதோ ஒரு பூகம்பத்தில் விழுந்துவிட்டன. மிச்சம் கூரை உயரத்தில் மொட்டையாக நிற்கிறது. தெற்கு மொட்டையில் உத்தராயணப் பட்டத் திருவிழாவில் அறுந்த காற்றாடி ஒன்று இன்னும் தொங்கியது. பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி ஒரு குறுகலான சந்து. உள்ளே தொழும் திசை காட்டும் மிஹ்ராப் மாடம் குடையப்பட்ட இடத்திலெல்லாம் வெளியே சுவர் புடைத்துக்கொண்டிருக்கும். மாடத்துக்கு ஆழம் வேண்டுமே, அதற்காக. புடைப்புகளை எண்ணினேன். ஆறு. கடைசிப் புடைப்பு, தெற்கு ஓரத்தில், தரையிலிருந்து எழும்பவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கியது. சரியாகத்தான் எண்ணினேனா என்று திரும்பவும் எண்ணினேன். ஆறுதான்.

திரும்பி வந்தபோது இமாம் ரவூஃப் சாஹிப் முற்றத்து ஓரத்தில் நின்றிருந்தார். மெலிந்த மனிதர். நான் உள்ளே பார்க்க வேண்டும் என்றதும் தாடியைத் தடவினார்.

"தொழுகை நேரம் நெருங்குது, மகளே. ஆம்பளைங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. கூடத்துக்குள்ள வேண்டாம். மேல இருக்கற பீபி மாடத்துலேர்ந்து பாரு. அது பள்ளிவாசல் கணக்குல வராது."

"ஏன் வராது?"

"அதுக்கு வழி உள்ளேர்ந்து இல்ல. தெற்குச் சந்துலேர்ந்து ஒரு சாய்தளம் ஏறுது. கட்டினது சுல்தான் வீட்டு அம்மா. பல்லக்குலேயே ஏறி வந்து, உட்கார்ந்து, கூடத்தை வேடிக்கை பார்ப்பாங்களாம். இப்போ ஈத் வேலைக்கான சுண்ணாம்பு மூட்டைதான் கிடக்கு. அதனால நாங்க எல்லை போட்டப்போ மாடத்தை வெளியில விட்டுட்டோம்."

"எல்லையா?" என்றார் கனுபாய். "வக்கீல் ஆபீஸ் மாதிரி இருக்கே."

"இஃதிகாஃப் இருக்கறவன் எல்லையைத் தாண்டினா அது முறிஞ்சுது, பாய். இயற்கைத் தேவைக்கு மட்டும் போகலாம். போனா, போன வேலையை முடிச்சுட்டு நேரா திரும்பணும். வழியில யாராவது பேசினா நடந்துக்கிட்டே பதில் சொல்லலாம். நிக்கக் கூடாது. நின்னா போச்சு. இத்ரீஸ்மியா இதுல என்னைவிடக் கறார். போன ரமலான்ல அந்தக் கடைசிப் படி உள்ளேயா வெளியேயான்னு என்கிட்ட மூணு நாள் சண்டை."

நான் ஃபஹ்மீதாவைப் பார்த்தேன். உப்பு கம்மி. அதையும் நடந்துகொண்டே.

"கனுபாய், இப்படி வாங்க," என்று அவரைத் தள்ளி அழைத்துப் போனேன். "முனாஃப்பாய் பொய் சொல்றாருன்னு நினைக்கறேன். ஆனா உறுதியா தெரியல."

"உங்களுக்கு என்னைக்கு உறுதியா தெரிஞ்சிருக்கு? சொல்லுங்க."

"இத்ரீஸ்மியா திரும்பி வர்ற நினைப்போட போயிருந்தா, வாசல்ல நிக்க மாட்டார். நின்னா எல்லாம் போச்சு. திரும்பி வராத நினைப்போட போயிருந்தாலும் நிக்க மாட்டார். ஓடிப் போற ஆளு செயலாளரைப் பிடிச்சு நிறுத்தி மகள் கல்யாணம் பேசுவாரா?"

கனுபாய் மெதுவாகத் தலையாட்டினார். "திரும்பி வர்றவனும் நிக்க மாட்டான், ஓடிப் போறவனும் நிக்க மாட்டான். அப்போ வாசல்ல நின்னு பேசினது யாரு?"

"யாருமில்லை. அவர் வாசலுக்கே வரலை."

"வரலைன்னா?"

"உள்ளதான் இருக்கார்."

காலையிலிருந்து அந்தக் கூடத்தில் இரண்டு வேளை தொழுகை நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பேர். உயிரோடு ஒருவர் அங்கே இருந்தால் யார் கண்ணிலும் படாமல் எப்படி?

கனுபாயைக் கூடத்துக்குள் அனுப்பினேன். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார்.

"தூண், தூண், தூண். மேற்குச் சுவர்ல மிஹ்ராப் மாடம் அஞ்சு. வடக்கு மினார் அடியில சின்னக் கதவு, திறந்து பார்த்தேன், படி, மேலே புறா. தெற்கு மினார் அடியில ஒரு பெரிய பீரோ, அதுமேல சுருட்டின பாய்கள். பின்னால கதவு இருக்கான்னு கேட்டேன். அங்கே படியே கிடையாது, பூகம்பத்துல அடைஞ்சு போச்சுன்னார் செயலாளர். ரொம்ப வேகமா சொன்னார்."

"அஞ்சா? நல்லா எண்ணினீங்களா?"

"ஒரு கையில அடங்கிடுச்சு, தாஹிராபென்."

வெளியே ஆறு, உள்ளே ஐந்து. நான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. அதற்குள் இமாம் எங்களிடம் வந்தார்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். மத்தியானம் லுஹர் நேரத்துல பெயிண்டர் பசங்க சுவரைத் தட்டிக்கிட்டே இருந்தானுங்க. தொழ விடல. முனாஃப்கிட்ட சொல்லி நிறுத்தச் சொன்னேன்."

ஃபஹ்மீதா நிமிர்ந்தாள். "பெயிண்டருங்க இன்னிக்கு வரலையே, மௌலவி சாஹிப். என் சித்தப்பா மகன்தான் மேஸ்திரி. முனாஃப் சாச்சா லீவு விட்டுட்டார்னு வீட்டுல தூங்கிட்டிருக்கான்."

பெயிண்டர்கள் இல்லையென்றால் தட்டியது தெற்கு மினாருக்குள் இருப்பவர்தான். நான் தெற்குச் சந்துக்கு ஓடினேன். கனுபாய் பின்னால் வந்தார்.

சாய்தளத்தின் உச்சியில் இருந்த கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை. தொட்டதும் திறந்தது. உள்ளே சுண்ணாம்பு மூட்டைகள், ஈரப் பூச்சின் வாசனை. இடது பக்கம் கல் சாளரம். கல்லிலேயே கொடியும் இலையுமாகத் துளைத்தது. அதன் வழியே கீழே கூடம் தெரிந்தது. மாடத்தின் அடுத்த முனையில், மினாரின் வளைந்த உடலில், குனிந்து நுழையும்படி ஒரு சின்னக் கதவு. அதுவும் திறந்தே இருந்தது.

வாசற்படிக்கு அந்தப் பக்கம், இருட்டில், படிக்கட்டின் மேல் படியில் இத்ரீஸ்மியா உட்கார்ந்திருந்தார். முகத்திலும் தாடியிலும் சுண்ணாம்புத் தூசி. மூச்சு இரைத்தது. மடியில் சால்வையில் சுற்றிய ஏதோ ஒன்று. கையில் ஒரு கல் துண்டு. அதனால்தான் தட்டியிருக்கிறார்.

"யாரு? இந்தப் பக்கம் வராதே, காலை இடிக்காதே," என்றது கரகரத்த குரல். அவருடைய கால் விரல்கள் வாசற்படிக்கு ஒரு சாண் உள்ளே கவனமாக நிறுத்தப்பட்டிருந்தன.

"மியா, உங்க மக அனுப்பினா. எழுந்திரிங்க, வெளியே வாங்க."

"முடியாது."

"நடக்க முடியலையா?"

"நடக்க முடியும். இது பள்ளிவாசல். அது மாடம். மாடம் கணக்குல வராது."

கனுபாய் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், இத்ரீஸ்மியாவைப் பார்த்தார். "மியா, காலையிலேர்ந்து திறந்த கதவுக்கு முன்னாலயா உட்கார்ந்திருக்கீங்க?"

"சிக்னல் சிவப்பா இருந்தா தண்டவாளம் காலியா இருக்குன்னு வண்டியை எடுப்பியா?"

"எடுக்க மாட்டேன். பாதிக் காசுதான் கிடைக்கும்."

அவர் இருமியபடியே விட்டு விட்டுச் சொன்னார். சுபுஹு முடிந்து எல்லோரும் தூங்கப் போன பிறகு பீரோ நகர்ந்து கிடந்ததைப் பார்த்தார். பின்னால் கதவு. உள்ளே போய்ப் படியேறினார். மேல் படியில் சாக்குக்குள் இந்தக் கல். எடுத்துப் பார்ப்பதற்குள் கீழே கதவு அடைபட்டது, பீரோ இழுபடும் சத்தம் கேட்டது. கத்தினார். தூசியில் தொண்டை கட்டிவிட்டது. பிறகு தட்டினார்.

சால்வையை விலக்கினார். சம்சாத் தட்டு அளவுக்கு வெள்ளைக் கல். அதில் ஒரு சங்கிலி, சங்கிலியில் தொங்கும் விளக்கு, விளக்கிலிருந்து எழும் சுடர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கல்லில் ஏற்றி வைத்த சுடர்.

"இதைப் பேத்து எடுத்திருக்கானுங்க," என்றார். "எங்கேர்ந்துன்னு தெரியல. கீழே அஞ்சு மிஹ்ராப்லயும் விளக்கு அப்படியே இருக்கு."

"மாத்திரை ஃபஹ்மீதா கையில இருக்கு, மியா. வாங்கிட்டு வரட்டுமா?"

"பொழுது விழுந்து மஃரிப் ஆகட்டும். நோன்பு போனா இஃதிகாஃபும் போச்சு."

அவர் உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. நெஞ்சை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூண்டுக்குள் காற்றே இல்லை.

"தூக்கிடலாமா?" என்றார் கனுபாய் என் காதில். "நான் தோளைப் பிடிக்கறேன், நீங்க திட்டு வாங்குங்க."

தூக்கியிருக்கலாம். அப்போதுதான் அந்தத் திறந்த கதவு எனக்குப் புரிந்தது. கீழ்க் கதவை அடைத்தவன் மேல் கதவை ஏன் விட்டுவைத்தான்? சாய்தளத்துக் கதவையும் ஏன் பூட்டவில்லை? மறதி இல்லை. இத்ரீஸ்மியா இந்த வழியாக வந்தால் தெருவிலிருந்து வருவார். முனாஃப்பாய் சொன்னது உண்மையாகிவிடும். இஃதிகாஃபை முறித்துக்கொண்டு ஊர் சுற்றி வந்த கிழவன் கல் திருட்டைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள்? வராவிட்டால் உள்ளேயே கிடப்பார். இரவில் கல் போய்விடும். எப்படியானாலும் வாய் அடைபடும். பூட்டுப் போடாமல், அவருடைய பக்தியையே பூட்டாகப் போட்டிருந்தான்.

தூக்கினால் அவர் சொல் சாகும். தூக்காவிட்டால் அவரே செத்துவிடலாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

ஈரப் பூச்சின் வாசனை மறுபடியும் மூக்கில் ஏறியது. பெயிண்டர்கள் வராத நாளில் ஈரம் எப்படி வந்தது?

மூட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் மேற்குச் சுவரை ஒட்டியே அடுக்கப்பட்டிருந்தன. "கனுபாய், இதை நகர்த்துங்க."

நகர்த்தினார். பின்னால் வழுவழுப்பான வெள்ளைச் சுவர். விரலை வைத்தேன், உள்ளே போனது. வெளியே ஆறாவது புடைப்பு, ஆள் உயரத்துக்கு மேல். நான் தப்பாக எண்ணவில்லை.

கனுபாய் ஆட்டோவின் ஸ்பானரை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அதைப் பிடுங்கிச் சுவரைக் கீறினேன். பூச்சு அடை அடையாக விழுந்தது. அதற்குப் பின்னால் செருகியிருந்த செங்கல்களைக் கனுபாய் கையாலேயே உருவினார். வளைவு தெரிந்தது. இரு பக்கமும் மெல்லிய கல் தூண்கள். நடுவில், பேர்த்தெடுத்த இடத்தில், சம்சாத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். எப்போதோ அடைபட்ட மாடத்தை முனாஃப்பாய் திறந்து, கல்லைப் பேர்த்துவிட்டு, மறுபடி பூசியிருக்கிறார்.

"மியா, பாருங்க. மிஹ்ராப்."

இத்ரீஸ்மியா கழுத்தை நீட்டினார். வெகு நேரம் பார்த்தார்.

"அந்தம்மா வேடிக்கை பார்க்க வரல," என்றேன். "தொழ வந்தாங்க. தொழற இடமாத்தான் கட்டியிருக்காங்க. வேடிக்கை பார்க்கற இடத்துக்கு யாராவது மிஹ்ராப் வைப்பாங்களா?"

"நீ சொன்னா ஆச்சா? இமாம் சொல்லணும்."

கல் சாளரத்தில் முகத்தை அழுத்தி இமாமைக் கூப்பிட்டேன். கூடத்தில் நோன்பு திறக்க விரிப்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இமாம் சாளரத்துக்கு நேர் கீழே வந்து நின்றார். தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாடத்தை எல்லைக்கு வெளியே வைத்தவர் அவர். ஒவ்வொரு ரமலானிலும் அதையே பிரசங்கத்தில் சொன்னவர். எனக்குப் பின்னால் மூச்சிரைப்பு விசிலாகிக்கொண்டிருந்தது.

"விளக்கு செதுக்கின கல்லா?" என்றார் கடைசியில்.

"ஆமா. அளவு அந்தப் பள்ளத்தோட பொருந்தும்."

"இத்ரீஸ்," என்று அவர் குரலை உயர்த்தினார். கூடம் முழுவதும் கேட்டது. "நான் இத்தனை நாள் சொன்னது தப்பு. மாடமும் பள்ளிவாசல்தான். காலை எடுத்து வை."

வாசற்படியை அவர் தாண்டியதும் கனுபாய் தாங்கிக்கொண்டார். சாளரத்தை ஒட்டிப் படுக்க வைத்தோம். கல் இலைகளுக்கு நடுவே காற்று வந்தது. மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது.

"சரி, ஆட்டோ கீழே நிக்குது," என்றார் கனுபாய். "சாய்தளத்துல இறங்கினா நேரா ஆஸ்பத்திரி."

"சாய்தளம் தெரு," என்றார் இத்ரீஸ்மியா கண்ணைத் திறக்காமல்.

"கடவுளே. இந்த மனுஷன் ஓட்டின ரயில்ல ஒரு ஆடுகூட அடிபட்டிருக்காது."

"நான் ஓட்டல. கார்டு."

அவரால் எழுந்து நிற்க முடிந்ததும், மினாரின் உள்படி வழியாகவே இறங்குவது என்று முடிவாயிற்று. கனுபாய் கல்லைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். நான் சாளரத்திலேயே நின்றேன்.

கீழே இமாம் பீரோவின் பக்கம் நடந்தார். "இதை நகர்த்துங்கப்பா."

முனாஃப்பாய் சற்று முன் வெளியிலிருந்து பேரீச்சம்பழத் தட்டோடு வந்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர், நின்றார். "மௌலவி சாஹிப், அதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. நோன்பு திறக்கற நேரத்துல ஏன்..."

நான்கு பேர் பீரோவைத் தள்ளினார்கள். பாய்கள் சரிந்தன. கதவு திறந்தது. முதலில் தலையில் கைக்குட்டையோடு கனுபாய், கல்யாணச் சீர்த்தட்டு ஏந்தியவர் போல. அவருக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக இத்ரீஸ்மியா.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நடந்து போய்த் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இமாம் திரும்பினார். "முனாஃப், காலையில வாசல்ல நின்னு பேசினது யாருகிட்ட?"

முனாஃப்பாய் ஒரு அடி பின்னால் வைத்தார். தட்டு லேசாக ஆடியது. வாசல் பக்கம் பார்த்தார். அங்கே கனுபாய் கல்லை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், முனாஃப்பாய் அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினார். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத தறித் தொழிலாளி ஒருவர். அவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்தவரும். அதற்கு அடுத்தவரும். முன்பே வாங்கியிருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து, தன் பழத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

பாங்கு ஒலித்தது. கூடத்தில் ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. ஃபஹ்மீதா வாசலிலிருந்து அனுப்பிய தண்ணீர்ச் செம்பும் மாத்திரையும் கைமாறிக் கைமாறி இத்ரீஸ்மியாவிடம் போய்ச் சேர்ந்து, அவர் ஒரு மிடறு விழுங்கிய பிறகுதான், மொஹல்லா அந்தச் செம்பிலிருந்தே ஒவ்வொருவராக நோன்பு திறந்தது.